சர்க்கரைத் துளசி வைத்த கை

ஆனி 14

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: பிச்சம்மாள் ஆகிய நான். மகள் செண்பகம். மருமகன் கதிரேசன். என் நாத்தனார் குருவம்மாள். பக்கத்து வீட்டு அமீனா. அப்புறம் செண்பகத்தின் அப்பா. அவர் பெயரை எழுத மாட்டேன். கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். வாயால் சொல்வது மட்டும்தான் ஆகாதா, எழுதினாலும் ஆகாதா என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு வம்பு.

இருந்த ஆட்களை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாவது. ஆனால் எவள் எந்த இடத்தில் எந்தச் சேலையோடு நின்று என்னை என்ன சொன்னாள் என்பது எனக்கு மறக்காது. சொன்னவளுக்கு மறந்துவிடும். "நான் எப்ப மதினி அப்பிடிச் சொன்னேன்?" என்று கண்ணைக் கசக்குவாள். இனிமேல் அந்தக் கதை நடக்காது. செண்பகம் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

அவள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தாள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஒரு சாண் உயரம். நர்சரிக்காரன் அட்டை குத்தியிருந்தான்: சர்க்கரைத் துளசி.

"அப்பாவுக்குத்தாம்மா. ரெண்டு எலையக் கிள்ளி டீயில போட்டாப் போதும், இனிச்சுக் கெடக்கும். சர்க்கரைக்காரங்களுக்கு நல்லது" என்றாள்.

அவர் ஒரு இலையைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். "அடி ஆத்தீ! பாகு மாதிரி இருக்கு!"

மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஆனாலும் சட்டைப்பையில் ஜாங்கிரி வைத்துக்கொண்டு வருவார். எறும்பு காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இனிக்கிற மருந்து கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

அப்போதுதான் குருவம்மாள், பச்சைச் சேலை, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வாயில் வெற்றிலை, சொன்னாள்: "யாரு வைக்கப் போறா? மதினியா? முருங்கப் போத்தே பட்டுப்போன கையாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். அமீனா சிரிக்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

அந்த முருங்கைப் போத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நான் கல்யாணமாகி வந்த வருஷம் கிணற்றோரம் ஒரு முருங்கைக் கொம்பை வெட்டி நட்டேன். முருங்கை ஒடித்துப் போட்டாலே தளிர்க்கும். நான் வைத்தது காய்ந்துபோனது. அடுத்த மாதம் வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. கிணற்றடியில் ஊர்ப் பொம்பளைகள் குடத்தோடு நிற்க, குருவம்மாள் சொன்னாள், "போத்தே தங்கல, புள்ளயா தங்கும் இந்தக் கையில?" அப்போது அவர் வீட்டு வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. எனக்குத் தெரியும், விழுந்தது. கட்டி முடித்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

ஆனி 15

செம்மண், ஆற்று மணல், மக்கின சாணம். மொட்டை மாடியில் ஹாலோபிளாக் கல்லைப் போட்டு அதன் மேல் தொட்டி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுமாம். குளித்துவிட்டுத்தான் வைத்தேன். துளசி ஆயிற்றே.

ஆனி 30

தளிர் விட்டுவிட்டது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கிறது. அமீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குருவம்மாளுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

காலையும் மாலையும் அவருக்கு இலை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். செவ்வாய், வெள்ளியில் துளசி பறிக்கக் கூடாது என்பதால் முதல் நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன். மருந்தை ஒரு வேளை விடக் கூடாது அல்லவா.

"இது மருந்தா, சீனிக்குப் பதிலா?" என்று அமீனா கேட்டாள். இருமல் மருந்து எதற்கு? இருமலுக்கு. காய்ச்சல் மாத்திரை எதற்கு? காய்ச்சலுக்கு. சர்க்கரைத் துளசி எதற்கு? பெயரிலேயே போட்டிருக்கிறது. இதற்கு ஒரு கேள்வி.

ஆடி 9

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது! நர்சம்மா ஜெபமணிக்கே ஆச்சரியம். என்ன செய்தீர்கள் என்றாள். நான் சொன்னேன், என் வீட்டு மாடியில் வைத்திருக்கிற செடி செய்தது என்று. வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பாட்டி, அது வெறும் இனிப்பு. சீனிய விட்டாரு, ஜாங்கிரிய விட்டாரு, மாத்திரையும் ஒழுங்காப் போட்டாரு, அதான் கொறஞ்சிருக்கு. செடி சுகரக் கொறைக்காது."

"சர்க்கரைத் துளசின்னு ஏன் பேர் வச்சான் அப்ப?"

"பேதி மாத்திர சாப்பிட்டாப் பேதி நிக்குமா, புடுங்குமா? பேர வச்சுச் சொல்லுங்க பாப்போம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாத்தா, மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்று அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டினார்.

ஜெபமணி. ரெட்டை மூக்குத்தி போட்டிருந்தாள். எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. குருவம்மாள் வந்தாள். சித்ரான்னம் செய்து போட்டேன். சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறிச் செடியைப் பார்த்தாள். முழங்கால் உயரம், புதர் மாதிரி. எதுவும் சொல்ல முடியவில்லை அவளுக்கு. நான் விடவில்லை. சர்க்கரை இறங்கின கதையைச் சொன்னேன். தெருவில் மூன்று வீட்டுக்குப் பதியன் கொடுத்ததைச் சொன்னேன்.

கீழே வந்து அண்ணன்காரனுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்கிறாள்: "மாத்திரையுந் தின்னு எலையுந் தின்னா, எது கொறச்சுச்சுன்னு எப்பிடி மதினி தெரியும்? மாத்திர கொறச்சத ஒங்க கை கொறச்சதுன்னு பீத்திக்காதீங்க."

அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

அவள் போன பிறகு நான் இலையை எடுத்துக் கொல்லையில் வீசினேன். அவரிடம் சொன்னேன்: "அன்னைக்குக் கெணத்தடியில அவ பேசுனப்ப வேட்டி கட்டுனீங்க, இன்னைக்குச் சோறு பெசஞ்சீங்க. எனக்காக ஒங்க வாயி எப்பத்தான் தொறக்கும்? நான் செத்துப் பாடையில கெடக்கும்போதா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் பேச்சை விட்டேன்.

ஆடி 23

இன்னும் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஆடி 25

இன்றைக்கு அவரே வந்து பேசினார். "பொறு பிச்சம்மா. ரெண்டு மாசம் போகட்டும். அடுத்த சோதனைக்குக் குருவம்மாளையும் கூட்டிட்டுப் போவம். அவ கண்ணால பாக்கட்டும்" என்றார்.

என்னத்தைப் பார்க்க என்று கேட்டேன். சிரித்தார். கிழவனுக்கு இப்போதாவது ரோஷம் வந்ததே. அவருக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தேன்.

ஆவணி 3

காலையில் மாடிச் செடிக்கு அவரேதான் தண்ணீர் ஊற்றுகிறார். "நீ படியேறாத, முட்டி வலி" என்கிறார். மாத்திரையையும் மாடிக்கே எடுத்துக்கொண்டு போகிறார். தண்ணீர் ஊற்றினதும் அங்கேயே போட்டுக்கொள்வாராம். இத்தனை வருஷத்தில் நான் நினைவுபடுத்தாமல் மாத்திரை போட்ட மனுஷனா இது! செடி அவரையும் மாற்றிவிட்டது.

இலைத் தண்ணீரை மூன்று வேளையாக்கச் சொன்னார். ஆக்கினேன்.

ஆவணி 11

மொட்டு வைக்கப் பார்க்கிறது. சின்னச் சின்னதாக, வெள்ளையாக. பூக்க விட்டால் இலையில் இனிப்புப் போய்க் கசந்துவிடும் என்று செண்பகம் போனில் சொன்னாள். எல்லாவற்றையும் கிள்ளி எறிந்தேன். பூப்பதைக் கிள்ளுவது மனதுக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது. வேறு வழியில்லை.

ஆவணி 19

சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். வெயில் அப்படி. உடம்பு நன்றாக இளைத்திருக்கிறது. வேட்டி நிற்க மாட்டேன் என்கிறது, பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டுக் கொடுத்தேன். ஊளைச் சதை கரைகிறது. அமீனாதான் "என்னக்கா, மாமா வத்திப் போயிட்டாரு" என்றாள். கண் வைக்கிறாள்.

ஆவணி 24

கக்கூஸ் ஓரமெல்லாம் எறும்பு. சாரை சாரையாக. குடிக்கிற இலையின் இனிப்பு வெளியே இறங்குகிறது போல. அதுதானே மருந்தின் வேலை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது. எறும்புப்பொடி போட்டேன்.

மாத்திரை வாங்க அவர் மட்டும் போய்விட்டு வந்தார். ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டேன். மெஷின் ரிப்பேர் என்றார்.

புரட்டாசி 2

மத்தியானம் செருப்பு இல்லாமல் மாடிக்குப் போயிருக்கிறார். தளம் தோசைக்கல் மாதிரி கொதிக்கிற நேரம். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். "சுடலையா?" என்றேன். "தெரியலையே பிச்சம்மா" என்றார். தெரியவில்லையாம்! என்ன ஜென்மமோ. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டேன்.

புரட்டாசி 9

வலது கால் கொப்புளம் உடைந்து நிற்கிறது. ஆறவில்லை. சர்க்கரைக்காரருக்குப் புண் ஆற நாளாகும். ஆனால் இவருக்குத்தான் சர்க்கரை இறங்கிவிட்டதே. துளசி இலையை அரைத்துக் கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றால் வேண்டாம் என்கிறார். "சோதன முடியட்டும்" என்கிறார். என்ன சோதனையோ.

புரட்டாசி 13

வாடை வருகிறது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். எலி இல்லை.

புரட்டாசி 14

பெருவிரல் கறுத்துவிட்டது. காய்ச்சல், உளறல். அமீனாவின் மகன் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சீட்டு எழுதுகிறவன் கேட்டான், நோயாளி பேர் என்ன?

நான் சுற்றிப் பார்த்தேன். அமீனாவின் மகன் ஆட்டோவை ஓரமாக விடப் போயிருந்தான். "பழனி மலையில நிக்கிற சாமிப்பா" என்றேன்.

"முருகனா?"

"அந்தச் சாமிதான். பேரு அது இல்ல. கையில என்ன வச்சுக்கிட்டு நிப்பாரு?"

"வேலு. வேலுச்சாமியா?"

"வேல் இல்லப்பா. கோலு."

"கோலுச்சாமின்னு ஒரு பேரா? பின்னாடி ஆளு நிக்குதும்மா, சீக்கிரம்!"

தள்ளுவண்டியில் கிடந்த அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார். "சொல்லிரு பிச்சம்மா, ஒரே ஒரு தடவ. காது குளுரக் கேட்டுக்கிறேன்."

நான் சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் ஆயுசைக் குறைக்கிற வேலையை நான் செய்வேனா? சீட்டில் பழனிச்சாமி என்று எழுதிவிட்டான். மறுநாள் செண்பகம் வந்துதான் மாற்றினாள்.

புரட்டாசி 16

விரலோடு நிற்காது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சின்ன வயசு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. மாத்திரை போடலையாம்மா?" என்றாள். ஒரு வேளை தவறாமல் போடுகிறார், என் தாலி மேல் சத்தியம் என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டேன். ஏறாத சர்க்கரையை ஏறியிருக்கிறது என்று சொல்லிக் காலை வெட்டிவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

புரட்டாசி 20

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, வேர் போய்விடும். மாடிக்கு ஏறித் தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

அடியில் இருந்த ஹாலோபிளாக் கல்லின் குழிக்குள் மாத்திரை அட்டைகள். வரிசையாகச் செருகி வைத்திருக்கிறது. வெளியே இருந்ததில்தான் மழை பட்டிருந்தது. ஒன்றில்கூட ஒரு மாத்திரை எடுக்கவில்லை.

நனைந்துகொண்டே நின்றேன் போல. அமீனா வந்துதான் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

புரட்டாசி 21

அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் கட்டிலில் கொட்டினேன். முந்தானையால் மூடியே கொட்டினேன், நர்சு பார்த்துவிடக் கூடாது என்று. செண்பகம் டீ வாங்கப் போயிருந்தாள்.

"என்னது இது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கால் இருந்த இடத்தைப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டியா" என்றார்.

"எதுக்குப் பண்ணுனீங்க?"

"குருவம்மா கேட்டது சரிதான. ரெண்டையும் தின்னா எது கொறச்சுச்சுன்னு எப்பிடித் தெரியும்? அதான் ஒண்ண நிப்பாட்டுனேன். எல மட்டுமே கொறச்சா, ஒங் கைதான்னு அவ ஒத்துக்கிட்டுத்தான ஆகணும்."

"அந்த நர்சுக்காரி படிச்சுப் படிச்சுச் சொன்னாளே, அது வெறும் இனிப்புன்னு!"

"சொன்னா. சிரிச்சுட்டேன். அப்பறம் நீ பேசாம இருந்த பாரு, அந்த நாளையில யோசிச்சேன். ஒருவேள நீ சொல்றதும் சரியா இருக்கும்னு. நானும் கொஞ்சம் நம்புனேன் பிச்சம்மா."

"ஆவணியில ரத்தம் எடுத்தாங்களா இல்லையா?"

"எடுத்தாங்க. ஏறித்தான் கெடந்துச்சு. மாத்திர போடுறியான்னு கேட்டா. போடுறேன்னேன். அடுத்த மாசம் எறங்கிரும்னு நெனச்சேன்."

எனக்கு அடிக்கக் கை வந்தது. அடிக்க இடம் இல்லை. எல்லா இடத்திலும் ஊசியும் கட்டும்.

"'எம் பொண்டாட்டியப் பேசாத'ன்னு ஒரு வார்த்த. அது போதுமே எனக்கு. அதச் சொல்லத் துப்பில்லாம காலக் குடுத்துட்டு வந்து கெடக்கீங்களே!"

"எனக்குத்தான் வாய் வராதே. ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். செண்பகம் டீயோடு வந்துவிட்டாள். "சீனி போடாதது" என்று அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

புரட்டாசி 25

ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்கிறார்கள்.

புரட்டாசி 26

இன்று விடியற்காலையில் உயிர் போனது.

ஐப்பசி 13

காரியம் முடிந்தது. வந்தவர்களை எழுதவில்லை. நிறையப் பேர்.

குருவம்மாள் மட்டும் போகவில்லை. பந்தி எல்லாம் எடுத்த பிறகு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை. வெற்றிலை போடவில்லை. "மதினி, என் நாக்கு அழுகிப் போகட்டும் மதினி. முருங்கப் போத்துன்னு இனி எவ சொன்னாலும் செருப்பால அடிங்க" என்றாள். அட்டைகளைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அமீனாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளாகவேதான் வந்து சொன்னாள். கிணற்றடியில் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இத்தனை காலமும் மறந்த மாதிரி இருந்திருக்கிறாள்.

ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். "குடி குருவம்மா. போனது போச்சு" என்றேன். இப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஒன்று, இறக்கி வைத்தால் பாரம்கூடத் தெரியவில்லை.

அவள் போன பிறகு மாடிக்கு ஏறினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் கிள்ள ஆளில்லாமல் செடி பூத்துவிட்டது. ஒவ்வொரு கிளை நுனியிலும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. அத்தனை மழைக்கும் வேர் அழுகவில்லை. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கசந்தது. கசந்தாலும் உயிரோடுதான் நிற்கிறது. இந்தக் கை வைத்தால் தங்கும். அதற்கு இனி சாட்சி வேண்டாம்.

செண்பகம் நல்லதை நினைத்துத்தான் கொண்டுவந்தாள். அவள் மேல் ஒன்றும் இல்லை. நர்சரிக்காரன் அட்டையில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம், போகட்டும். ஜெபமணியை இன்று வாசலில் பார்த்தேன், அழுதுகொண்டு நின்றாள், அவளும் போகட்டும். அந்த டாக்டரம்மாவிடம் போய் என் சத்தியம் பொய் என்று சொல்ல வேண்டும். குருவம்மாளையும் விட்டுவிட்டேன்.

வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மூடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்காமல் உயிரைக் கொடுத்துவிட்டுப் போன ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். நான் செத்த பிறகு மேலே பார்த்தாலும் பேச மாட்டேன். அவர்தான் வந்து பேச வேண்டும்.

இனிச் சொன்னால் குறைய ஆயுசு இல்லை. மாடியில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை வாய்விட்டே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தண்டபாணி.